பச்சையைப் பார்த்து ஓட்டியவன்

கப்பலின் வாய் திறந்ததும் அழுகிய பாசியும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை உள்ளே வந்தது. டீசல் புகையிலும் வாந்தி நாற்றத்திலும் புரண்டு கிடந்த எங்களுக்கு அது சந்தனமாக இருந்தது.

வாய் என்றால் நிஜமாகவே வாய்தான். வண்டிகளையும் ஆட்களையும் துறைமுகம் இல்லாத கரையில் இறக்குவதற்கென்றே கட்டிய கப்பல் அது. மணலில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். முன்பக்கம் இரண்டு கதவுகளாகப் பிளந்து, உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சரிவு கீழே இறங்கும்.

சரிவின் நுனியில் முழங்காலளவு தண்ணீர். அதைத் தாண்டி ஈர மணல், பிறகு காய்ந்த மணல், அதற்கும் பின்னால் எங்கோ ஒரு மண் சாலை. கப்பலையும் அந்தச் சாலையையும் இணைத்துப் பாதை போட வேண்டியவர்கள் நாங்கள். ராணுவத்தில் எங்களுக்குச் சாப்பர் என்று பெயர். துப்பாக்கியும் உண்டு, மண்வெட்டியும் உண்டு. அதிகம் தேய்ந்தது மண்வெட்டிதான்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தூரத்தில் குண்டு விழும் சத்தம் கேட்டது. என் பக்கத்தில் மண் தள்ளும் டோசரின் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஞானசேகரன் ஸ்டியரிங் கம்பியைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ முனகினான். சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் கேட்டால், செல்லதுரையைத் திட்டிக்கொண்டிருந்தான்.

எந்தப் போர் என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் இந்தப் பத்தியைக் கப்பல் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். அதற்குள் மூன்று பேர் போன் செய்து எந்தப் போர், எந்தக் கரை, எந்த வருஷம் என்று குறுக்கு விசாரணை செய்துவிட்டார்கள். ஒருவர் வரைபடம் கேட்டார்.

ஐயா, போர்களைப் பற்றி எழுதத் தளபதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேதி தெரியும். நான் அரியலூரில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பழைய லான்ஸ் நாயக். எனக்குத் தெரிந்தது மணல். அன்று காலை பூட்ஸுக்குள் போன மணல் எப்படி உறுத்தியது என்று கேளுங்கள், பக்கம் பக்கமாகச் சொல்கிறேன். அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம் என்பது மட்டும் போதும்.

கரையில் கிடந்தவன்

செல்லதுரையும் எங்கள் பிரிவுதான். உடையார்பாளையத்துப் பக்கம். எங்களுக்கு முந்தின நாளே சிறு படகில் போன கூட்டத்தில் அவன் இருந்தான். கரையில் எந்த இடம் வண்டியைத் தாங்கும், எந்த இடம் புதையும் என்று கம்பியால் குத்திப் பார்த்து, கெட்டியான இடத்தில் வரிசையாகக் கொடி நட வேண்டியது அவர்கள் வேலை. அந்தக் கொடிகளைப் பார்த்துத்தான் நாங்கள் பாதை போடுவோம்.

நாங்கள் வந்து பார்த்தபோது கரையில் ஒரு கொடிகூட இல்லை.

காரணம் ஒயர்லெஸ்ஸில் வந்தது. அந்தக் கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு விழுந்திருக்கிறது. செல்லதுரைக்கு வலது காலில் அடி. காலாட்படைக்காரர்கள் அவனையும் இன்னும் சிலரையும் தூக்கிக்கொண்டு போய், உள்ளே சில மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தம் நிற்கவில்லை. அறுவை செய்யும் டாக்டர் கப்பலில் இருந்தார். ஆம்புலன்ஸ் வண்டியும் கப்பலில் இருந்தது. நடுவில் பாதை இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கடல் வற்றத் தொடங்கினால் அந்தக் கப்பல் மணலில் உட்கார்ந்துவிடும். எதிரிக்கு அதைவிட வசதியாக ஒன்றும் கிடைக்காது. அதனால் கப்பல் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று முறை சங்கு ஊதுவார். மூன்றாவது சங்குக்குக் கதவு மூடும்.

செல்லதுரையின் மனைவி நிறைமாதம். கப்பலில் அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பையன் பிறந்தால் என்ன பெயர், பெண் பிறந்தால் என்ன பெயர் என்று ஒரு மாதமாக எங்களைத் தூங்கவிடாமல் செய்தவன் அவன்.

அடுத்தடுத்த கட்டில்

ஞானசேகரன் ஏன் அவனைத் திட்டினான் என்று சொல்ல வேண்டும்.

ஞானசேகரனுடைய குடும்பம் உடையார்பாளையத்தில் நிலபுலம் உள்ள குடும்பம். அந்த நிலத்தில்தான் செல்லதுரையின் அப்பாவும் அம்மாவும் களை எடுத்தார்கள், அறுத்தார்கள். வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவார்கள். தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுவார்கள். அதை இன்று எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று யாருக்கும் அது கோபப்பட வேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஞானசேகரன் பட்டாளத்துக்கு ஓடி வந்தான். வயிற்றுக்காகச் செல்லதுரை வந்தான். பட்டாளத்துக்கு உடையார்பாளையத்து நியாயமெல்லாம் தெரியாது. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில் கொடுத்துவிட்டது.

முதல் நாள் செல்லதுரை கட்டிலில் உட்காரவே இல்லை. "சின்னய்யா, நீங்க படுங்க, நான் அந்தாண்ட போய்க்கிறேன்" என்றான். பஞ்சாபி ஹவில்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது ஞானசேகரன் சொன்னான்.

"இனிமே சின்னய்யான்ன, ஒதப்பேன். சேகருன்னு கூப்புடு."

செல்லதுரைக்கு அது வாயில் வர ஒரு வருஷம் பிடித்தது. வந்த பிறகு நிறுத்தவே இல்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே சீப்பில் தலை வாருவார்கள், மற்ற நேரமெல்லாம் சண்டை போடுவார்கள்.

"கொடி நடப் போறேன்னு போனவன் கால நட்டுட்டுக் கெடக்கான் பாரு" என்று அன்று காலை ஞானசேகரன் முனகினானே, அது கோபம் இல்லை. பயந்தால் அவனுக்குத் திட்டு வரும்.

முதலில் இறங்க வேண்டிய வண்டி

இப்படிக் கரை இறங்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய அதிகாரியின் ஜீப்பாக இருந்தாலும் டோசருக்குப் பின்னால்தான். டோசர் இறங்கி, மேட்டை வெட்டி, இரும்புப் பாய்ச் சுருளை இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் பின்னாலேயே பாயை விரித்து ஆணி அடிப்போம். பாய் என்பது துளை போட்ட இரும்புத் தகடுகளைக் கோத்துச் செய்தது. அதன் மேல் வண்டி ஏறினால் மணலில் சக்கரம் புதையாது.

எங்களிடம் இருந்த பாய் காய்ந்த மணலை மூடச் சரியாக இருக்கும் என்று கணக்கு. அதோடு சாலை வந்துவிடும் என்றும் கணக்கு.

ஞானசேகரன் இறங்கினான். ஈர மணலில் டோசர் தார் ரோட்டில் போவதுபோல் போனது. காய்ந்த மணலிலும் சங்கிலிச் சக்கரத்துக்குச் சிரமமில்லை. மணல் மேட்டின் உச்சியில் ஏறியதும் ஒரு நிமிஷம் நிறுத்தி அங்குமிங்கும் பார்த்தான். கொடி இல்லை. எதிரே தாழ்வான நிலம். அங்கங்கே வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு பட்டை பச்சைப் பசேலென்று சாலை வரை போனது.

அவன் வண்டியைப் பச்சைக்குத் திருப்பினான். எங்கள் ஊர்க்காரன் எவனும் அதைத்தான் செய்திருப்பான்.

கொள்ளிடத்துக் கால்கள்

கொள்ளிடத்தைக் கோடையில் நடந்து கடந்தவர்களுக்கு இது தெரியும். அரை மைலுக்கு மேல் மணல். மேலே காய்ந்து கிடக்கும், கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும் இடங்கள் உண்டு. எதிர்க்கரைக்குப் போகிறவன் நாணலைப் பார்த்து நடப்பான். நாணல் முளைத்திருந்தால் அதன் வேர் மணலைப் பிடித்து வைத்திருக்கும். மாட்டு வண்டி ஓட்டுகிறவனும் பச்சையிலிருந்து பச்சைக்குத்தான் ஓட்டுவான். சின்ன வயதில் என் அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "பச்சைய பாத்து நட, பச்சைய பாத்து நட" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள்.

பயிற்சியில் எங்களுக்குக் கடற்கரையைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். தலையில் ஏறியது. காலில் ஏறவில்லை. அவசரத்தில் மனிதனை ஓட்டுவது கால்தான்.

அந்தப் பச்சை நாணல் இல்லை. உமரி. உப்புச் சேற்றில் மட்டும் முளைக்கும் செடி.

மேலே இருந்த தோல் உடைந்ததும் டோசர் முன்பக்கமாகக் குனிந்தது. ஞானசேகரன் பின்னால் எடுக்கப் பார்த்தான். சங்கிலி சுற்றச் சுற்ற இன்னும் இறங்கியது. வயிறு தட்டி நின்றது. கறுப்புச் சேறு இருக்கை வரை தெறித்திருந்தது. அவன் மூஞ்சியில் கண் மட்டும்தான் தெரிந்தது.

அப்போது முதல் சங்கு ஊதியது.

எதைக் கட்டி இழுத்தாலும்

எங்கள் கேப்டன் ஓடி வந்தார். வடக்கத்திக்காரர், இளவயது, கத்திப் பேசத் தெரியாதவர். மணலைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார், எங்களிடம் இருந்த பாய்ச் சுருள்களைப் பார்த்தார். மணலுக்குப் போட்டால் சேற்றுக்கு இல்லை. சேற்றுக்குப் போட்டால் மணலுக்கு இல்லை. மேட்டுக்குப் பின்னால் சேறு என்று ஒன்று இருப்பதே எங்கள் கணக்கில் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவன்தான் பள்ளிக்கூடத்தில் ரத்தம் சொட்டக் கிடந்தான்.

"டோசரை வெளியே எடுக்க முடியுமா?" என்று கேட்டார். எல்லாம் இந்தியில்தான்.

ஞானசேகரன் அழுதுகொண்டிருந்தான். சேற்றின் மேல் கண்ணீர் கோடு போட்டிருந்தது. "முடியாது சார். வயிறு தட்டிப் போச்சு. எதைக் கட்டி இழுத்தாலும் இது நகராது" என்றான்.

கேப்டன் குனிந்து டோசரின் அடியைப் பார்த்தார். பிறகு, "எதைக் கட்டி இழுத்தாலுமா?" என்று திரும்பக் கேட்டார். அவர் முகம் மாறியது. டோசரின் முதுகைக் காட்டினார்.

அங்கே ஓர் உருளை. அதில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். எஞ்சின் ஓட்டத்தில் உருளை சுற்றி, புதைந்த வண்டிகளை இழுத்துக் கரையேற்றும். இழுக்கும்போது டோசரே வழுக்கிப் பின்னால் வந்துவிடுவதுதான் வழக்கமான தொல்லை. மணலில் நிற்கிற டோசர் என்றால் இன்னும் மோசம். எங்கள் டோசரோ ஊர் எல்லைக் கல் மாதிரி ஊன்றி உட்கார்ந்திருந்தது. முதுகும் சரியாகக் கடலைப் பார்த்து இருந்தது.

ஞானசேகரனுக்கு அது புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு இருக்கையில் ஏறினான்.

கயிற்றின் நுனியைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் மணல் மேட்டைத் தாண்டிக் கடல் பக்கம் ஓடினோம். ஆம்புலன்ஸ் ஈர மணல் முடியும் இடத்தில் காத்திருந்தது. மாட்டினோம். கையை ஆட்டினோம். கயிறு விறைத்தது. சக்கரம் பாதி புதைந்தபடியே, பிடிவாதக் கன்றுக்குட்டியைக் கயிறு போட்டு இழுப்பதுபோல், அந்த வண்டி மேட்டில் ஏறி வந்தது. டோசர் ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

மிச்சம் இருந்தவர்கள் அதற்குள் பாய் முழுவதையும் சேற்றின் மேல் விரித்துவிட்டார்கள். அடியில் போடுவதற்கு உமரியையும் பனை மட்டையையும் வெட்டித் திணித்தோம். தொடை வரை சேறு. நான் என் வாழ்க்கையில் போட்ட பாதைகளில் இவ்வளவு அசிங்கமான பாதை வேறு கிடையாது. ஆம்புலன்ஸ் அதன் மேல் தடதடவென்று ஆடிக்கொண்டே போய்ச் சாலையில் ஏறியது. ஓட்டிய மலையாளி திரும்பிப் பார்க்கவே இல்லை.

இரண்டாவது சங்கு

இனி காத்திருக்க வேண்டியதுதான். பாதை போடுகிறவனுக்கு அதுதான் கஷ்டமான நேரம். கையில் வேலை இருக்கும்வரை பயம் தெரியாது.

ஞானசேகரன் எஞ்சினை நிறுத்தவில்லை. ஒருமுறை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று பயம். சூடு ஏறியது. ஹெல்மெட்டில் கடல் தண்ணீர் மொண்டு வந்து மேலே மேலே ஊற்றினோம். மற்ற வண்டிகளையும் ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றி அனுப்பினான். ஒவ்வொன்று போகும்போதும் சாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பான்.

"வந்துட்டானாடா?"

"இல்ல."

இரண்டாவது சங்கு ஊதியது. கப்பலைச் சுற்றித் தண்ணீர் நிறம் மாறிக்கொண்டிருந்தது. வற்றுகிறது என்று அர்த்தம். கேப்டன் கப்பலுக்கு ஓடி என்ன பேசினாரோ தெரியாது, திரும்பி வந்ததும் சாலைப் பக்கம் போய் நின்று பார்த்தார்.

பிறகு சாலையில் தூசி தெரிந்தது.

ஆம்புலன்ஸ் பாய் மேல் ஏறி ஆடி ஆடி வந்து டோசர் பக்கத்தில் நின்றது. கயிறு டோசர் பக்கம்தான் இழுக்கும், கடல் பக்கமாக இழுக்க ஒன்றும் இல்லை. இனி தோள்தான். கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சர்களை இறக்கினோம். மூன்றாவதாக வந்தது செல்லதுரை. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்து டோசரைப் பார்த்தான். அதன் மேல் இருந்தவனைப் பார்த்தான்.

"சின்னய்யா," என்றான், பழைய பழக்கத்தில். "வண்டி மாட்டிக்கிச்சா?"

ஞானசேகரன் கீழே குதித்தான். கயிறு இழுக்கத் தொடங்கியதிலிருந்து அப்போதுதான் அந்த இருக்கையை விட்டு இறங்கினான். ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கக் கைப்பிடியை இன்னொருவனிடமிருந்து பிடுங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"சேகருன்னு கூப்புடுறா நாயே. ஒதப்பேன்."

காய்ந்த மணலில் ஸ்ட்ரெச்சரோடு ஓடுவது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. ஓடினோம். சரிவில் ஏறி உள்ளே இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீரில் குதித்தோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது சங்கு ஊதியது. கதவு மூடியது. செல்லதுரையோடு கப்பல் பின்னால் நகர்ந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரம்பலூர் ரோட்டில் ஒரு பூஜை

செல்லதுரை பிழைத்தான். வலது பாதம் போனது. அவன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பெண் பிறந்தாள். மலர்க்கொடி.

இப்போது மூன்று பேருமே கிழங்கள். செல்லதுரை ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு போட்டு, கட்டைக் காலோடு அதில் ராஜா மாதிரி நடக்கிறான். ஞானசேகரன் உடையார்பாளையத்திலேயே இருக்கிறான். செல்லதுரை வந்தால் உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட வைப்பான். ஆனால் பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து அவன் எந்த எஞ்சினையும் தொட்டதில்லை. சொந்த டிராக்டரை ஓட்டவும் ஆள் வைத்தான்.

நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் ஒரே சண்டை.

"நான் மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா ஒன்ன முன்னாடியே கொண்டாந்திருப்போம். ஒன் காலு தப்பிச்சிருக்கும்" என்பான் இவன்.

"காலு சுட்டப்பவே போயிடுச்சு சேகரு. நீ மாட்டுனதாலதான் உசுரு இருக்கு" என்பான் அவன். "அது கெடக்கட்டும், நீங்க போட்ட ரோட்ட நான் பாக்கவே இல்ல தெரியுமா? மல்லாக்கப் படுத்து வானத்தத்தான் பாத்தேன்."

அவன் சிரிப்பான். இவன் சிரிக்க மாட்டான். இத்தனை வருஷமும் அவன் அந்தச் சேற்றில்தான் உட்கார்ந்திருந்தான் என்று நினைக்கிறேன். கயிற்றைக் கட்டி இழுக்க எங்களால் முடியவில்லை.

மலர்க்கொடிக்குப் பெரம்பலூர் ரோட்டில் மண் வேலை வண்டிகள் ஓடுகின்றன. ஒரு பழைய பொக்லைனில் ஆரம்பித்தவள். போன மாதம் ஆலத்தியூர்ப் பக்கம் வேலைக்கென்று ஒரு புது டோசர் எடுத்தாள். பூஜைக்கு எங்கள் மூவரையும் கூப்பிட்டாள்.

ஷெட்டில் மஞ்சள் பெயிண்ட் வாசனையும் சாம்பிராணியும் கலந்து அடித்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் பேப்பர் ஒட்டி மூடியிருந்தது. தேங்காய் உடைத்ததும் அவள் நேராக ஞானசேகரனிடம் வந்தாள்.

"பெரியப்பா, நீங்கதான் எடுக்கணும்."

"எனக்கு எதுக்கும்மா? ஒங்கப்பன எடுக்கச் சொல்லு."

"அவருக்கு எங்க ஓட்டத் தெரியும்? கொடி நடத்தான் தெரியும். அதையும் ஒழுங்கா நடல."

செல்லதுரை விழுந்து விழுந்து சிரித்தான். ஞானசேகரன் நகரவில்லை. மலர்க்கொடி போய்க் கண்ணாடியில் இருந்த பேப்பரைக் கிழித்தாள். எல்லா வண்டியிலும் சாமி பேர் போட்டு, அப்பா அம்மா பேர் போட்டுத் துணை என்று எழுதுவார்களே, அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது:

பெரியப்பா துணை.

அவன் அதைப் படித்தான். மறுபடியும் படித்தான். "மாட்டிக்கிட்டவன் பேரப் போயி வண்டிக்கு வெப்பாங்களா?" என்றான்.

"நீங்க அங்க மாட்டாம இருந்திருந்தா நான் எங்கப்பா மொகத்தையே பாத்திருக்க மாட்டேன். ஏறுங்க பெரியப்பா."

எனக்குக் கண் மறைத்தது. அதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு பையன்கள் கை கொடுக்க ஞானசேகரன் ஏறி உட்கார்ந்தான். பழைய வண்டியில் இருந்த கம்பிகள் இதில் இல்லை. குட்டி குட்டிப் பிடிகள்தான். அவள் ஜன்னல் பக்கம் நின்று ஒவ்வொன்றையும் காட்டினாள். ஷெட்டுக்கு வெளியே இடது பக்கம் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கோரை மண்டிக் கிடந்தது. வலது பக்கம் சுண்ணாம்புக்கல் ஜல்லி கொட்டி வெள்ளையாக இருந்தது.

"எந்தப் பக்கம் ஓட்ட?" என்று கேட்டான்.

"பச்ச இல்லாத பக்கமா பாத்து ஓட்டுங்க பெரியப்பா."

அப்போதுதான் அவன் சிரித்தான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது.